கடலில் இறங்கும் முன்: நமக்கு எந்த மிதவை?

(சிலிபின் வட்டார மூத்தோருக்கான சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் அல்ல; மொழிபெயர்ப்பாளர். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் தருவது என் வேலை. இன்று, பாதுகாப்பு ஜாக்கெட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஜாக்கெட்டைப் போடுகிற பலர் அதைப் படிப்பதே இல்லை.

பள்ளி விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் லூமுட் போய், ஃபெரி ஏறி, பங்கோர் தீவுக்குப் போகின்றன. தெலுக் நிப்பா கடற்கரையில் படகு பிடித்து, எதிரே இருக்கும் கியாம் தீவுக்கும் போகிறோம். பேரப்பிள்ளைகள் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, "தாத்தா, பாட்டி, வாங்க மீன் பார்க்கலாம்" என்று கூப்பிடுகிறார்கள். இதைத்தான் ஸ்நோர்கலிங் என்கிறோம். போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எதைப் போட்டுக்கொண்டு போவது என்று சொல்லவே வந்தேன்.

முதலில் ஒரு கேள்வி

உங்களில் சிலர் சின்ன வயதில் ஆற்றிலும் ஈய லம்பக் குட்டையிலும் குதித்து விளையாடியவர்கள். ஆனால் இன்றைக்கு, கால் தரையில் படாத ஆழத்தில், எதையும் பிடிக்காமல் பத்து நிமிடம் மிதக்க முடியுமா? "முடியும்" என்று உடனே வாய் வரவில்லை என்றால், நீச்சல் குறைவானவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் கிடைப்பவை

காற்றடித்த வளையம், மெத்தை, நீளமான நுரைக்குச்சி: இவை விளையாட்டுச் சாமான்கள். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால், வளையத்தோடு நம்மையும் தள்ளிக்கொண்டு போகும். கை வழுக்கினால் அது ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

வாயால் ஊதும் ஸ்நோர்கல் அங்கி: கழுத்தில் மாட்டும் மெல்லிய பை. நன்றாக நீந்தத் தெரிந்தவர் இடையில் இளைப்பாற உதவும். நமக்கு உதவாது. பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது யாரால் ஊத முடியும்?

நுரை வைத்த ஜாக்கெட்: நமக்கு இதுதான். பழைய காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் இலவம் பஞ்சு அடைத்தார்கள். கெகாபு மரத்துப் பஞ்சு, நம் வீட்டுத் தலையணையில் இருந்த அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு இருக்கும்; அதனால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்றைய நுரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊத வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை. நீங்கள் மயங்கினாலும் அது மிதக்கும்.

துணியில் இருக்கும் எண்

சர்வதேசத் தரப்படி செய்த ஜாக்கெட்டில் ஐஎஸ்ஓ 12402 என்று இருக்கும். அருகே 50, 100, 150 என்று ஓர் எண்ணும் இருக்கும். அது மேலே தூக்கும் விசை. 10 என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். நம் உடலின் பெரும்பகுதி எடையை நீரே தாங்கிவிடுவதால், இந்தச் சில கிலோவே போதுமானது.

50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்தில் இருக்கும் இடத்தில். குப்புறக் கிடந்தால் அது நம்மைத் திருப்பிவிடாது. 100 என்பது நீச்சல் குறைந்தவர்களுக்கும் பொருந்தும், அமைதியான நீரில். முகம் வானத்தைப் பார்க்கும்படி நம்மை மல்லாத்திப் போட அது முயலும்.

சிக்கல் இங்கேதான். மீன் பார்க்க முகம் கீழே இருக்க வேண்டும். 100 போட்டால் அது சிரமம். அதனால் பலர் வசதியாக இருக்கிறது என்று 50ஐ எடுக்கிறார்கள். என் பரிந்துரை இது: கால் தரையில் படும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, 50 போதும். ஆழத்துக்குப் போவதென்றால் 100 போடுங்கள். வழிகாட்டி இழுத்துச் செல்லும் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து குனிந்து பாருங்கள். மீன் கொஞ்சம் குறைவாகத் தெரியும். பரவாயில்லை.

போட்டுப் பார்க்கும் முறை

படகில் கொடுப்பதை அப்படியே வாங்கி மாட்டாதீர்கள். துணியில் உள்ள உடல் எடை அளவு உங்களுக்குப் பொருந்துகிறதா பாருங்கள். கொக்கி உடைந்திருந்தால், நுரை நசுங்கித் தட்டையாகியிருந்தால், வேறு கேளுங்கள். எல்லாக் கொக்கியையும் பூட்டியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்படி பேரனிடம் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது. தொடையிடுக்கு வார் இருந்தால் கட்டாயம் கட்டுங்கள். இல்லையேல் நீரில் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறும், நாம் கீழே இறங்குவோம். சேலையும் கைலியும் காலைச் சுற்றிக்கொள்ளும். நீளக்கை சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, அதன்மேல் ஜாக்கெட்.

பிறகு இடுப்பளவு நீரில் காலை மடக்கி மிதந்து பாருங்கள். வாய் நீருக்கு மேலே இருக்கிறதா? இருந்தால் புறப்படலாம்.

ஜாக்கெட் செய்யாத வேலை

ஜாக்கெட் மூழ்காமல் காக்கும். இதயத்தையும் நுரையீரலையும் காக்காது. நீரில் இருக்கும்போது கை கால்களின் இரத்தம் மார்புப் பக்கம் கூடுகிறது. குழாய் வழியாக இழுக்கும் மூச்சுக்கும் கூடுதல் பலம் தேவை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2016இல் பவளத்திட்டு பார்க்கப் போன முதிய பயணிகள் சிலர் இறந்தனர். அதன்பின் அங்கே மூத்தோருக்கும் நோயுள்ளோருக்கும் மிதவை, துணைக்கு ஆள், தனி அடையாளம் என்று விதிகளை இறுக்கினார்கள்.

ஆகவே இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு உள்ளவர்கள் பயணத்துக்கு முன் கிளினிக்கில் கேளுங்கள். "கடலில் இறங்கலாமா?" என்று நேராகவே கேளுங்கள். மாத்திரைப் பட்டியலையும் கொண்டு போங்கள்.

நீரில் மூச்சு முட்டினால், "இன்னும் கொஞ்ச நேரம்" என்று பொறுக்காதீர்கள். குழாயை வாயிலிருந்து எடுங்கள். மல்லாந்து மிதங்கள். ஒரு கையை உயர்த்துங்கள். கரை வந்தும் சரியாகவில்லை என்றால் 999ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பேரப்பிள்ளைகள் நீங்கள் சொல்வதைவிடச் செய்வதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் கொக்கியைப் பூட்டினால், அவர்களும் பூட்டுவார்கள்.