உடலுக்கு ஒரு முகத்துவாரம்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயிலும் எம்மைப் பேச அழைத்தபோது, சமயப் பொருளொன்றையே பேசுவோம் எனப் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். மிஷன் பாடசாலையிலே படித்து வந்த எமக்கு, பெரியோர் நிறைந்த இச்சபையிலே திருமுறை விளக்கம் சொல்லும் தகுதி இல்லை. ஆகவே, எமது வீட்டிலே நோயாளியின் கட்டிலருகே கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல முன்வந்துள்ளோம். உடலினுள்ளே நீர்ப்பொருளைச் செலுத்தவும், உள்ளே தேங்கியதை வெளியேற்றவும் வைத்தியர்கள் பொருத்துகின்ற மெல்லிய குழாயே இன்றைய பொருள். அதனைக் 'கதீற்றர்' என்று வைத்தியசாலையிலே கேட்டிருப்பீர்கள்.

முதலில் நம் வாவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி மாரி வெள்ளத்தால் நிரம்பும்போது, முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிடுவது வழக்கம். வெட்டாவிட்டால் வயலும் வீடும் மூழ்கும். வெட்டினாலோ, வெள்ளம் வடிந்தபின் அதே வாயிலால் கடல்நீர் உள்ளே புகும். வெளியேறுவதற்கென்று திறந்த வாயில், உள்ளே வருவதற்கும் வாயிலாகிவிடுகின்றது. கதீற்றரை ஆக்குவோரின் தலையாய சிக்கலும் இதுவே. நீரை விடவேண்டும்; கிருமியை விடலாகாது. துளையுள்ள குழாய் ஒன்றைச் செய்வது எளிது. காவலுள்ள வாயில் ஒன்றைச் செய்வதே அரிது.

இதனை யாம் புத்தகத்திற் படித்து உணரவில்லை. எம் அம்மப்பா படுவான்கரையிலே வேளாண்மை செய்தவர். முதுமையிலே சிறுநீர் அடைப்பு உண்டாகி, வைத்தியசாலையிலே குழாய் பொருத்தி, அதன் நுனியிலே ஒரு பையும் இணைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்க வருகின்ற உறவினர் கண்ணில் அந்தப் பை படலாமோ என்று எமக்கு வெட்கம். பையைக் கட்டிலின்மேலே அவர் இடுப்பருகில் வைத்து, சாரத்தால் மூடிவிட்டோம்.

"மனே, இது இந்த இடத்தில கிடக்கிறது சரியா?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"பேசாமக் கிடங்க அம்மப்பா, ஆக்கள் வாறாங்க" என்றோம்.

மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபடியால் ஓட்டோவிலே விரைவாக வாவியைக் கடந்தோம். முந்திய காலமாயின் துறையிலே பாதைக்காகக் காத்து நின்றிருப்போம். வைத்தியசாலையிலே ஒரு தாதி, நடந்ததைக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக் கட்டிலின் கீழே கொழுவினார். "தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" என்று மட்டும் கேட்டார். வாய்க்கால் கட்டி வயலுக்கு நீர் பாய்ச்சிய குடும்பத்தவராகிய எமக்கு அந்தக் கேள்வி சுட்டது. பை தாழ்ந்திருந்தால் நீர் தானாக வடியும். உயர்ந்திருந்தால் வடிந்த நீரும் அதிலுள்ள கிருமியும் திரும்பி உள்ளே செல்லக்கூடும். இறைவன் அருளாலும் வைத்தியர் முயற்சியாலும் அம்மப்பா பிழைத்தார். ஆனால் அவருடைய கேள்விக்கு யாம் சொன்ன விடை இன்றும் எம்மை உறுத்துகின்றது.

இக்குழாய்கள் மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தவை என்று எண்ணிவிடலாகாது. பாரத நாட்டுச் சத்திரவைத்தியத்தின் மூலநூலாகிய சுஸ்ருத சங்கிதை, குழாய் வடிவான கருவிகளில் 20 வகைகளைச் சொல்கின்றது. வயிற்றிலே நீர் கட்டும் மகோதர நோய்க்கு, கொப்பூழின் கீழே இடப்பக்கத்திலே துளையிட்டு, இருபுறமும் திறந்த உலோகக் குழாயையோ பறவையின் இறகுத் தண்டையோ செலுத்தி நீரை வடிக்கும்படி அது கூறுகின்றது. வயிற்றின் கீழ் இடப்பக்கத்தையே இன்றைய வைத்தியரும் பெரும்பாலும் தெரிந்தெடுக்கின்றனர். முழு நீரையும் ஒரே நாளில் எடுக்கலாகாது, பல நாட்களிலே சிறிது சிறிதாக எடுக்க வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. மிகுதியான நீரை ஒரேயடியாக எடுத்தால் இரத்த அழுத்தம் தாழக்கூடும் என்பது இன்றைய விளக்கம். அதனைத் தடுக்க இக்காலத்தில் அல்புமின் என்னும் புரதத்தை நாளத்திலே ஏற்றுகின்றனர். முகத்துவாரத்தை எவ்வளவு அகலமாக வெட்டுவது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அகலத்தைப் பற்றிப் பௌதிகம் ஒரு விதி சொல்கின்றது. பிரான்சு தேசத்துப் புவசேய் 19ஆம் நூற்றாண்டிலே பரிசோதித்துக் கண்ட விதி அது. நீளமும் அழுத்தமும் மாறாதிருக்க, நீர் அமைதியாக ஓடும்போது, குழாயின் உள்விட்டம் இருமடங்கானால் ஓட்டம் 16 மடங்காகும். பாதியானால் 16இல் ஒரு பங்காகக் குறையும். பருத்த குழாயோ உடலை உறுத்தும். ஆகவே வெளியே மெலிந்தும் உள்ளே அகன்றும் சுவர் மட்டும் உறுதியாயும் இருத்தல் வேண்டும். சில கிருமிகள் சிறுநீரைக் காரமாக்கி, அதிலுள்ள உப்புகளைக் குழாயினுள்ளே பாசிபோற் படியச் செய்யும். மெல்லிய படிவு ஒன்றே ஓட்டத்தைப் பெரிதும் தடுத்துவிடும் என்பது அவ்விதியால் விளங்கும்.

அம்மப்பாவுக்குப் பொருத்திய குழாய், அமெரிக்க வைத்தியர் ஃபோலி 1930களிலே அமைத்த வகை. அதில் இரு கால்வாய்கள் உண்டு. ஒன்று சிறுநீர் வடிவதற்கு. மற்றது உள்முனையிலுள்ள சிறு பலூனை நீரால் ஊதுவதற்கு. ஊதிய பலூன் குழாயை நழுவவிடாது பிடித்துக்கொள்ளும். முற்காலத்திலே குழாயின் வெளிமுனையைத் திறந்த பாத்திரத்தில் விட்டிருந்தனர். நான்கு நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லா நோயாளரின் சிறுநீரிலும் கிருமி குடியேறிவிடும். மூடிய பையை இணைத்தபின் அந்நிலை பெரிதும் பிந்திற்று. சிறிய மாற்றமே, பயனோ பெரிது.

இன்னும் அருமையான காவல் ஒன்றைச் சொல்வோம். வடமத்திய மாகாணத்திலே 1990கள் தொடக்கம், காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோய் கமக்காரரைப் பெரிதும் வாட்டி வருகின்றது. சிறுநீரகம் செயலிழந்தவர் இயந்திரத்தாலே இரத்தத்தைச் சுத்திசெய்ய வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தூரக் கிராமத்து ஏழைக்கு இது எத்துணைப் பாரம்! வேறொரு வழியும் உண்டு. வயிற்றினுள்ளே ஒரு குழாய் பொருத்தி, ஏறத்தாழ 2 லீற்றர் மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணித்தியாலங்களின் பின் வடிப்பார்கள். இரத்தத்தின் கழிவு, வயிற்றின் உட்சவ்வு வழியாக அந்நீரிலே சேர்ந்து வெளியேறும். நாளொன்றுக்கு நான்கு முறையளவில், நோயாளி வீட்டிலிருந்தே இதனைச் செய்யலாம். இதற்கான குழாயை 1968இலே அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ரெங்கோவ் என்னும் வைத்தியர் வெளிப்படுத்தினார். சிலிக்கோன் குழாயின்மேலே துணிபோன்ற நூல்வளையங்கள் இரண்டை அவர் சுற்றினார். உடலின் இழையம் சில வாரங்களிலே அவ்வளையங்களினுள் வளர்ந்து, குழாயை இறுகப் பிடித்து, தோலின் வழியாகக் கிருமி ஊர்ந்து செல்லாதபடி அடைத்துவிடுகின்றது. உடலையே வாயிற்காவலனாக்கிய அந்த யுக்தியை யாம் வியக்கின்றோம்.

இத்தகைய கருவிகளை ஆக்குவது செல்வ நாடுகளுக்கே உரியது என்று மனம் தளரலாகாது. சில குழந்தைகளுக்கு மூளையின் அறைகளிலே நீர் தேங்கித் தலை பெருக்கும். அந்நீரைத் தோலின் கீழாக வயிற்றுக்குக் கொண்டுசெல்லும் குழாயிலே, ஒருபுறமாக மட்டும் நீரை விடுகின்ற வால்வு இருக்கும். இந்தியாவில் உருவான சாப்ரா என்னும் வகை 2005 அளவிலே ஏறக்குறைய 35 டொலர் விலையுடையதாயிருந்தது. மேனாட்டு வகையொன்றோ அப்போது ஏறக்குறைய 650 டொலராயிருந்தது. உகண்டாவிலே 195 குழந்தைகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, வைத்தியர் வார்ப் 2005இலே முடிவை வெளியிட்டார். ஓராண்டின் பின் பயனிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நம் அயல்நாட்டார் செய்ததை நம் இளைஞரும் செய்யலாம் அன்றோ?

இறுதியாக ஒரு விண்ணப்பம். அம்மப்பாவின் பையிலே 'இடுப்பிலும் தாழ்வாக வைக்கவும்' என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலே இருந்தது. எம் அம்மாவால் அதை வாசிக்க இயலவில்லை. வாசிக்கத் தெரிந்த யாமோ வாசிக்கவில்லை. 1847இலே யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். விஞ்ஞானம் கற்ற நம் விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தார். அவர்கள் வழியிலே, ஒரு பையின்மேல் நான்கு தமிழ்ச் சொற்களை எழுத நம்மால் முடியாதா? குழாயும் பையும் மட்டும் கருவியல்ல. அதனோடு வீட்டுக்கு வரும் சொல்லும் கருவியின் ஓர் உறுப்பே.

இளைஞர்களே, வைத்தியமோ பொறியியலோ பயில்வீராயின், உங்கள் கருவி போய்ச்சேரும் வீட்டையும் மனத்திற்கொள்ளுங்கள். பெரியோர்களே, நோயாளியின் பையைக் கண்டு வெட்கப்படாதீர்கள். அது தாழ்வாக இருக்கின்றதா என்று பாருங்கள். நோயாளி கேள்வி கேட்டால், பேசாமற் கிடங்கள் என்று சொல்லாதீர்கள்.