லீவுல பிள்ளைங்க கையில என்ன புத்தகம் கொடுக்கலாம்?

(கோடை விடுமுறையை ஒட்டி, புளியந்தோப்பில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் இருந்து வந்திருந்த குழு உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ பிள்ளைங்களைப் பத்திப் பேசலாம். லீவு விட்டாச்சு. வெயில்ல ஓடுறாங்க, இல்லேன்னா செல்போனும் கையுமா உட்கார்ந்திருக்காங்க. "ஒரு புத்தகத்தை எடுத்துப் படியேன்" என்று நாமும் கத்துகிறோம். என்ன புத்தகம்? அதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் பின்னி மில்லை மூடினார்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. வீட்டில் சோத்துக்கே இழுபறி. என் பையன் அப்போ அஞ்சாவது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்றால் அவனுக்கு உயிர். இரும்புக்கை மாயாவி படிக்க உட்கார்ந்தால் கூப்பிட்டாலும் காதில் விழாது. பழைய புத்தகக் கடையில் வாங்கி, கூட்டாளிகளிடம் மாத்தி மாத்தி ஒரு அட்டைப் பெட்டி நிறைய சேர்த்து வைத்திருந்தான். ஒருநாள் எனக்கு வந்த கோபத்தில் அத்தனையையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். பதிலுக்குப் பொது அறிவுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்து, "இதைப் படி, உருப்படுவே" என்றேன்.

அவன் அழவில்லை. சண்டை போடவில்லை. அதுக்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் தானாகக் கையில் எடுக்கவே இல்லை. எட்டாவது முடித்து, லீவுக்கு என்று பட்டறை வேலைக்குப் போனான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அவன் திரும்பிப் போகவில்லை. காமிக்ஸை எடைக்குப் போட்டதால்தான் படிப்பு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் காசு இல்லை, அதுதான் பெரிய காரணம். ஆனால் அவனுக்குப் படிப்பின் மேல் இருந்த ஒரே ஆசையை என் கையாலேயே எடை போட்டு வித்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதனால் என் பேத்தி வளரும்போது வேறு மாதிரி செய்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

வகுப்பைப் பார்க்காதீங்க, பிள்ளையைப் பாருங்க

ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றால், ஆறாவது வயசுக்கான தடிப் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? அரசுப் பள்ளிகளில் 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். அதற்கான சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தார்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளி டீச்சரிடம் இந்தப் புத்தகங்களைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் அஞ்சு விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். எடுத்து வையுங்கள், அடுத்த லீவுக்கு ஆகும்.

எந்த வயசுக்கு எது?

மூணு முதல் அஞ்சு வயசு வரை: பெரிய படம், பக்கத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரி. மடியில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டிக் கதை சொன்னால் போதும். அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாட்டுகள் இந்த வயசுக்கு அருமை. ஒரே புத்தகத்தைப் பத்து தரம் கேட்கும். சலிக்காமல் சொல்லுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை: தானாகப் படிக்கத் தொடங்கும் வயசு. பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பூனை, யானை, காக்கா வரும் கதைகள். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்கள் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள்.

ஒன்பது முதல் பதினொன்று வரை: சிரிப்பும் சாகசமும் வேணும். தெனாலிராமன், மரியாதை ராமன், விடுகதைப் புத்தகம், வாண்டுமாமா கதைகள். காமிக்ஸும் படிப்புதான், தாராளமாகக் கொடுங்கள். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு! கேள்வி கேட்டுத் துளைக்கிற பிள்ளைக்கு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு மேல்: தன்னைப் போன்ற பிள்ளைகளின் கதை பிடிக்கும். டோட்டோ-சான் என்று ஒரு ஜப்பான் சிறுமியின் நிஜக் கதை தமிழில் வந்திருக்கிறது. குறும்பு தாங்காமல் ஒரு பள்ளியில் வெளியே அனுப்பிவிட்ட பெண், வேறொரு பள்ளியில் எப்படி மலர்ந்தாள் என்பதுதான் கதை. அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகள் கொடுக்கலாம். ஓடும் ரயிலில் இருந்து வீசும் பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து, சின்ன வயசிலேயே சம்பாதித்தவர் அவர். இரா. நடராசன் எழுதிய ஆயிஷா சின்னப் புத்தகம்தான், ஆனால் முடிவு மனசை உலுக்கும். அதை அம்மாவும் கூட உட்கார்ந்து படிப்பது நல்லது. சினிமா பார்த்துப் பொன்னியின் செல்வன் கேட்கிற பிள்ளைக்கு, மலிவுப் பதிப்பாகவே கிடைக்கிறது. எங்க பக்கம் பையன்களுக்கு ஃபுட்பால், குத்துச்சண்டை என்றால் உயிர். அதைப் பற்றிக் கிடைத்தால் அதையே கொடுங்கள்.

எதுவானாலும் ரெண்டு மூணு புத்தகத்தை முன்னால் வைத்து, "உனக்கு எது வேணும்?" என்று கேளுங்கள். பிடிக்காததைப் பாதியில் மூடி வைத்தால் திட்டாதீர்கள். நமக்கும்தான் எல்லாப் புடவையும் பிடிக்கிறதா?

எனக்குப் படிக்கத் தெரியாதே!

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க, "எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், நான் என்ன செய்ய?" என்று. அக்கா, உங்க காது போதும். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நடுநடுவே "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "இதனால் அறியும் நீதி என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பெரிய பெண் இருந்தால், "தம்பியைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லாமல், "தம்பிக்குக் கதை படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். அவளும் படித்த மாதிரி ஆச்சு. வேலை முடிந்து அவளுக்கென்று ஒரு மணி நேரமாவது விட்டுக் கொடுங்கள்.

செல்போனை விடவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு அதிலேயே ஒரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகளைப் படத்தோடு இலவசமாகப் படிக்கலாம். அதிலும் படிகள் பிரித்திருக்கிறார்கள். நீங்களும் கூட உட்காருங்கள்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். நாம் ஒரு டிரங்குப் பெட்டி வைக்க முடியாதா? குழுவில் பதினைந்து பேர். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டால் முந்நூறு ரூபாய். சின்னப் படப் புத்தகங்கள் சில வாங்கலாம். வீட்டில் பிள்ளைகள் படித்து முடித்ததையும் அதில் போடுங்கள். உள்கடன் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி, வாரக் கூட்டத்தில் மாத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு வித்தியாசம், இதுக்கு வட்டி கிடையாது! கிழிந்தால் அபராதமும் வேண்டாம். பசை போட்டு ஒட்டுவோம். கிழிந்த புத்தகம் என்றால் பிள்ளைகள் படித்த புத்தகம் என்று அர்த்தம்.

கிராமத்துச் சகோதரிகளுக்கு ஒன்று. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது திறந்திருந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பூட்டிக் கிடந்தால் மே 1 கிராம சபையில் குழுவாகப் போய், "லீவு முடியும் வரைக்குமாவது தினமும் மாலையில் திறந்து வையுங்கள்" என்று கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சாவியை எங்கள் குழுவே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். ஒருத்தி கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். குழுவே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.

என் பையன் இப்போ பெரிய ஆள். போன மாசம் அவன் மகள் காமிக்ஸ் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ரெண்டு பக்கம் படித்தான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உங்கள் பிள்ளை கையில் புத்தகம் இருந்தால் பிடுங்காதீர்கள், தாய்மார்களே. அது எந்தப் புத்தகமாக இருக்கட்டும், முதலில் ஆசையாகப் படிக்கட்டும்.