இரு தேசத்துச் சட்டங்களும் விவாகரத்தும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசத்தின் சாரம்)



நம் குலத்துப் பிள்ளைகளிற் பலர் இங்கு ஹிந்து முறைப்படி விவாகஞ் செய்துகொண்டு அமெரிக்காவிற் குடித்தனம் நடத்துகின்றனர். அவர்களுக்குள் பிரிவு நேருங்கால், அந்நாட்டு நியாயஸ்தலத்தின் தீர்ப்பு இங்கும் தானே செல்லுமென்றெண்ணுவது பெரும் பிழையாகும்.

திருப்பதியில் மணம் புரிந்த ஒருவர் மிசௌரி மாகாணத்திற் பெற்ற விவாகரத்தை நமது உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்க மறுத்தது. மனைவி அந்நியாயஸ்தலத்தின் அதிகாரத்திற்கு உட்படவில்லை. கூறப்பட்ட காரணமும் 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தில் இல்லை. ஆயின் மனைவி தானே சம்மதித்தால் அத்தகைய தீர்ப்பு இங்கும் செல்லும். ஆதலால், அங்கிருந்து வரும் பத்திரத்தில் நம் பெண்கள் வக்கீலைக் கலவாது கையெழுத்திடலாகாது.

இனி, சொத்தின் விஷயம். கலிபோர்னியாவில் விவாக காலத்திற் சம்பாதித்தது பொதுவாக இருவர்க்குஞ் சரிபாதி. நம் தேசத்திற் பொதுவாக அவ்விதி இல்லை. இங்குள்ள நிலம், வீடு பற்றிய வழக்கு அவை இருக்கும் எல்லைக்குரிய நியாயஸ்தலத்திலேயே நடைபெறும். பெண்ணின் நகைகளோ ஸ்திரீதனம். மாமியார் வீட்டுப் பெட்டியிலிருப்பினும் அவை அவளுக்கே உரியன.

இருவரும் மனமொத்துப் பிரிவதாயின், 1976-இற் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி இங்கேயே மனுச் செய்து, இரு தேசத்துச் சொத்துக்களையும் எழுத்திற் பிரித்துக்கொள்வது உத்தமம்.

மணப்பந்தலிற் சாட்சியாய் நின்ற சுற்றத்தார், பிரிவு நேர்ந்த காலத்தும் பக்ஷபாதமின்றி நியாயத்தின் பக்கம் நிற்பாராக!