பெட்டிக் கதவோரத்துத் தாள்

பெங்களூரு ஒக்கலிபுரத்தை அடுத்துள்ள கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா ரயில் நிலையத்தில், முன்பதிவுப் பட்டியலை, அதாவது பயணிகளின் பெயர், வயது, பாலினம், இருக்கை எண் ஆகியவற்றை அச்சிட்ட நீண்ட தாளை, பெட்டிகளின் வெளியே ஒட்டும் வழக்கம் 2016 நவம்பரில் நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் நாட்டின் பிற பெரிய நிலையங்களுக்கும் இந்த நிறுத்தம் சோதனை முறையாக விரிந்தது.

பசை காயாத அத்தாளில் விரல் வைத்துத் தம் பெயரைத் தேடுவதும், பக்கத்து இருக்கைக்கு வருபவர் யார் என்று பார்த்துக்கொள்வதும், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர் இடம் கிடைத்ததை அங்கேயே அறிந்து நிம்மதி அடைவதும் பயணத்தின் முதற்படியாக இருந்தன. இன்று அச்செய்தி கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. பயணச்சீட்டுப் பரிசோதகராலும் கையடக்கக் கருவியில் பட்டியலைப் பார்த்து, காலியான இருக்கையை அடுத்தவருக்கு உடனே ஒதுக்க முடிகிறது. தனியே பயணம் செய்யும் பெண்ணின் பெயரும் வயதும் நடைமேடையில் நிற்போர் அனைவருக்கும் தெரிந்த நிலை மாறியது, மிச்சமான தாளைவிடப் பெரிய நன்மையாகும். ஆயினும், முன்பதிவு செய்து கொடுத்த மகனின் எண்ணுக்கே குறுஞ்செய்தி போய்விடுவதால், கைப்பேசி இல்லாத முதியவர் தம் பெட்டி எது என்று பிறரைக் கேட்டு நிற்க நேர்கிறது. அவருக்காகவேனும் நிலைய அறிவிப்புப் பலகையில் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருந்தே ஆகவேண்டும்.