சனிக்கிழமை காலையில லேப்டாப்பை மூடுங்க

ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் மாதிரி ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கோம், எப்படித் தயாராகறதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 2007-ல அமெரிக்காவுல போல்டர் நகரத்துல ஆரம்பிச்சது இது. வெள்ளி சாயங்காலத்துல இருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும், 54 மணி நேரம். முதல் நாள் 60 விநாடியில உங்க ஐடியாவைச் சொல்லணும். ஓட்டு விழுந்த ஐடியாக்களைச் சுத்தி டீம் சேரும். ஞாயிறு நடுவர்கள் முன்னாடி டெமோ.

நடுவர்கள் பார்க்கிறது மூணு விஷயம்: காசு எங்கிருந்து வரும், வாடிக்கையாளர்கிட்ட பேசிப் பார்த்தீங்களா, செஞ்சு காட்டினது எப்படி இருக்கு. கோடிங் இதுல மூணாவதுக்குள்ள ஒரு பகுதிதான். ஆனா நம்ம ஆளுங்க வெள்ளி ராத்திரியே லாகின் பேஜ் கட்ட உட்கார்ந்துடுவாங்க. லாகின் பேஜைப் பார்த்து யாரும் காசு கொடுத்ததா நான் கேள்விப்பட்டதில்லை.

நான் இருக்கிறது மேனாம்பேடு. பக்கத்துலயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், சிஎன்சி, பிளேட்டிங்னு சின்னச் சின்னப் பட்டறைங்க, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் பண்றவங்க. இவங்களுக்குப் பெரிய தலைவலி, பேமென்ட் லேட்டா வர்றது. 2006-ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் கொடுத்தாகணும். தாண்டினா வட்டி உண்டு. இதைப் படிச்சதும் ஒரு இன்ஜினியருக்கு உடனே என்ன தோணும்? "45 நாள் ஆனதும் தானா ரிமைண்டர் அனுப்புற ஆப்!" எனக்கும் அதேதான் தோணுச்சு.

எங்க ஏரியாவுல லேத் பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணன்கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேட்டேன். சட்டம் அவருக்கு நல்லாவே தெரியும். பில் தேதியெல்லாம் விரல் நுனியில இருக்கு. ரிமைண்டர் போட்டா அடுத்த ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிடும், அதனால கேட்கறதில்லை, அவ்வளவுதான். அவருக்கு மறதி பிரச்சனையே இல்லை. அடுத்த வாரக் கூலிக்குக் கையில பணம் வேணும். அதுக்கு பில்லை வச்சு முன்கூட்டியே பணம் வாங்கற ட்ரெட்ஸ் மாதிரி வழிகள் இருக்கு. அதுல இவர் பில் ஏன் ஏறலைங்கிறதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பத்து நிமிஷப் பேச்சுல ஐடியாவே வேற ஆயிடுச்சு பாருங்க.

அதனால சனிக்கிழமை காலையில டீம்ல பாதிப் பேராவது வெளியே போங்க. ஞாயித்துக்கிழமை நிறைய ஷட்டர் இறங்கியிருக்கும். டீ குடிக்கிற நேரமா பார்த்துப் போங்க, மெஷின் ஓடும்போது யாரும் பேச மாட்டாங்க. "இப்படி ஒரு ஆப் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா அண்ணே?"ன்னு மட்டும் கேட்காதீங்க. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "கடைசியா பேமென்ட் லேட்டானப்போ என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க.

நடுவுல ஐடியா மாறினா பயப்படாதீங்க. 2011-ல ரியோ டி ஜெனிரோவுல நடந்த ஸ்டார்ட்அப் வீக்கெண்டுக்கு டாலிஸ் கோம்ஸ் பஸ் சம்பந்தமான ஐடியாவோடதான் போனார். அங்க அது டாக்ஸியா மாறி, ஈஸி டாக்ஸி ஆச்சு.

இன்னொண்ணு, வேலைக்குப் போறவங்களுக்கு. ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துட்டுப் போகாதீங்க. நீங்க எழுதற கோடு யாருக்குச் சொந்தம்னு உங்க அப்பாயின்ட்மென்ட் பேப்பர்ல ஒரு பாரா இருக்கலாம், போறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க. ஞாயிறு ராத்திரி போட்டோ எடுத்து முடிச்சதும், யார் தொடரப் போறீங்க, யார் விலகறீங்க, டொமைன் யார் பேர்ல இருக்குங்கிறதை எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்லயே எழுதிடுங்க. திங்கட்கிழமை பாதிப் பேர் குரூப்பை மியூட் பண்ணியிருப்பாங்க.