முதியோர் கைகளில் இளவேனில்

(சித்திரைப் புத்தாண்டையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்தச் சிங்கப்பூரில் வேனில் ஏது, கூதிர் ஏது? ஆயினும் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் ஏறிவிட்டால் சித்திரை பிறந்துவிட்டது என்று நம் மனம் அறிந்துகொள்கிறது. இந்தப் பருவத்தில் முதியோர் செய்யத்தக்க கைவேலைகள் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்குத் தொண்டூழியனாகச் சென்ற புதிதில், மேலைநாட்டுக் கைவேலைப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, வண்ணத்தாள், பசை, சிறு கத்தரிக்கோல் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். தாளில் துலிப் மலரும் முயற்குட்டியும் வெட்டி ஒட்டுவது அன்றைய திட்டம். எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர், பக்கவாதத்தால் இடக்கை சரியாக இயங்காதவர், தாளை என் பக்கமே நகர்த்திவிட்டு, "என்ன தம்பி, எனக்குப் பாலர் பள்ளியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் இளவயதில் நாள்தோறும் பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நான் அவரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பொழுதைப் போக்க ஏதாவது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

அன்பர்களே, திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரை நினைத்துப் பாருங்கள். வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் கொய்துவந்து, கோவை, இண்டை, தாமம், கண்ணி, பிணையல் என்று விதவிதமாகத் தொடுத்து இறைவனுக்குச் சாத்தினார். சேக்கிழார் பெருமான் அவரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துப் பாடினார். பூத்தொடுப்பதையே திருத்தொண்டாகக் கண்ட சமயம் நம்முடையது. அப்படியிருக்க, அந்தக் கலை கைவந்தவரிடம் தாள் முயலை நீட்டினேனே!

அடுத்த வாரம் தேக்காவில் உதிரிப்பூ வாங்கிச் சென்றேன். அந்த அம்மையாருக்கு ஒரு கைதான் உதவும். ஆகவே பூக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வரிசைப்படுத்துவது அவர் வேலை. முடிச்சுப் போடுவது பக்கத்தில் இருந்தவர் வேலை. பத்து நிமிடத்தில் அவர் ஆசிரியையாகிவிட்டார். "காம்பை இறுக்காதே, பூ வாடிப் போகும்" என்று எங்களை அதட்டவும் செய்தார்.

இனி, செய்து பார்த்ததில் நாங்கள் கற்றவற்றைச் சொல்கிறேன்.

பூத்தொடுக்கையில் மெல்லிய நூல் கண்ணுக்கும் தெரியாது, விரலையும் அறுக்கும். தடித்த பருத்தி நூலோ, தண்ணீரில் ஊறவைத்த வாழைநாரோ நல்லது. நூலின் நுனியைக் கால்விரலில் மாட்டிக்கொள்ளும் பழைய முறை இப்போது பலருக்கு இயலாது. நாற்காலிக் கையிலோ மேசை விளிம்பிலோ கட்டிவிடலாம். பார்வை மங்கியவர்களுக்கு மல்லிகையின் கீழே கருநிறத் துணி விரித்தால் பூ பளிச்சென்று தெரியும். விரல் மடங்காதவர்களுக்குச் செவ்வந்தி போன்ற பெரிய பூவே ஏற்றது.

கண்பார்வை அறவே இல்லாதவரும் செய்யத்தக்கது விளக்குத்திரி திரிப்பது. பஞ்சை இழுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் போதும். விரலில் சிறிது விபூதி தொட்டுக்கொண்டால் பஞ்சு வழுக்காது. ஐந்து ஐந்தாகக் கட்டி வைத்தால் ஒரு குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கும் ஆயிற்று.

கோலம் போடக் குனிய முடியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. கருவண்ணம் பூசிய பலகையை மேசைமேல் வைத்தால் அமர்ந்தபடியே அரிசிமாவால் புள்ளிக்கோலம் இடலாம். வழுவழுப்பான தரையில் மாவு சிந்தினால் கால் வழுக்கும் என்பதாலும் இதுவே பாதுகாப்பு.

குருத்தோலைத் தோரணத்தில் கத்தி வேலையை இளைஞர்கள் செய்யட்டும். மடிப்பது முதியோர் கையில் இருக்கட்டும். முதுமை மறதி நோய் உள்ளவர்கள் முன்னே சிறு மணிகளையோ ஊசியையோ வைக்கலாகாது. யாரையும் நெடுநேரம் உட்காரவைக்கவும் வேண்டாம். களைப்புத் தெரியுமுன் நிறுத்திவிடுவது உத்தமம்.

தோரணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு புத்தாண்டு விழாவுக்கு நாங்கள் கட்டிய ஓலைத் தோரணத்தைப் பார்த்துவிட்டு, அதிகம் பேசாத முதியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார். "நல்ல காரியத்துக்குக் குருவி மேலே பார்க்கணும். நீங்க சாவு வீட்டுக்குக் கட்டுற மாதிரி தலைகீழாக் கட்டியிருக்கீங்க" என்றார். ஓலையை மடித்துச் செய்யும் அந்தக் குருவித் தலைகளைத்தான் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அத்தனையையும் அவிழ்த்து, அவர் சொன்னபடி மீண்டும் கட்டினோம். அவர் அன்று வராதிருந்தால், தவற்றையே வழக்கமென்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம். இப்படி எத்தனை சேதிகள் எத்தனை முதியோரிடம், கேட்பாரின்றி உறங்குகின்றன!

2023-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டியவர். 2030-இல் இது ஏறக்குறைய நால்வரில் ஒருவர் என்றாகும் என அரசாங்கம் கணித்திருக்கிறது. நம் வீட்டிலும், அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும், ஆலயத் தூண் ஓரத்திலும் அமர்ந்திருப்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு உணவு தருகிறோம், அன்பளிப்புப் பை தருகிறோம். அது புண்ணியமே. ஆனால் வாங்கிக்கொண்டே இருப்பது எந்த மனிதருக்கும் உவப்பன்று. கொடுப்பதற்கும் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

ஆகவே கொடையாளர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, முதியோர் நிலையத்துக்கு ஆயத்தப் பொம்மை வேலைப் பெட்டிகளுக்குப் பதிலாக ஒரு விழாவுக்கான பூவையும் பஞ்சையும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு, சக்கர நாற்காலி ஏறும் வண்டி ஒன்றுக்கு ஒரு வேளை வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள். தொடுத்தவர் தம் மாலையைச் சந்நிதியில் காணட்டும். மூன்றாவதற்குப் பணம் வேண்டாம். உங்கள் பிள்ளையுடன் ஒரு மணி நேரம் வந்து, அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்த மூதாட்டியை ஒரு வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு அழைத்து வந்தோம். முன்கூட்டியே குருக்களிடம் கேட்டபோது, "கை கழுவிவிட்டு, முகராமல் தொடுத்தால் போதும், தாராளமாகச் சாத்தலாம்" என்று சொல்லியிருந்தார். திரை விலகியது. அம்மன் திருமார்பில் அந்த மாலை. அவர் அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ கூர்ந்து பார்த்துவிட்டு, "இடப்பக்கம் கொஞ்சம் நெருக்கம் பத்தலை. அடுத்த வாரம் இன்னும் கூடப் பூ வாங்கிட்டு வா" என்றார்.

அடுத்த வாரம் என்று ஒன்று அவருக்கு இருந்தது, அன்பர்களே. நம் முதியோர் எல்லார்க்கும் அப்படி ஓர் அடுத்த வாரம் அமைய அன்னை பராசக்தி அருள்புரிவாளாக.