அந்தக் கிணற்றில் பேய் இல்லை



நம் சிவகாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மீனம்பட்டி. அந்த ஊரில் பிறந்தவர் நடிகை ஸ்ரீதேவி. 1969-இல் ‘துணைவன்’ படத்தில் குழந்தை முருகனாக வந்தவர், 1977-இல் மயில் என்ற கதாபாத்திரமாக வந்து நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிப்போனவர். 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் ஓர் ஓட்டல் அறையில் இறந்தார். குளியல் தொட்டியில் தவறி மூழ்கி இறந்தார் என்று துபாய் அதிகாரிகள் சொன்னார்கள். 27-ஆம் தேதி விசாரணையை முடித்து உடலை ஒப்படைத்தார்கள்.

அந்த உடல் மும்பைக்கு வந்து சேர்வதற்குள் நம் நாட்டுச் செய்தி சேனல்கள் என்ன செய்தன? ஸ்டுடியோவுக்குள் வரைகலையில் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தன. அதன் பக்கத்தில் நின்று தொகுப்பாளர் நீளம், அகலம், ஆழம் பேசினார். இந்தியில் ஒரு நிகழ்ச்சிக்குத் தலைப்பே ‘மரணத் தொட்டி’. தெலுங்குச் செய்தியாளர் ஒருவர் நிஜத் தொட்டியில் இறங்கிப் படுத்தே காட்டினார். அந்த அம்மாவுக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் டிவி இருக்கும்தானே?

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. அமெரிக்காவில் ‘ஸ்பைக்’ என்ற சேனல் 2008 முதல் 2012 வரை ஒரு தொடர் நடத்தியது. சாவதற்கு ஆயிரம் வழிகள் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு சாவுக்கும் ஓர் எண், சிலேடையில் ஒரு தலைப்பு. நடிகர்களை வைத்துச் செத்துக் காட்டுவார்கள். பின்னணியில் ஒரு கனத்த குரல் கிண்டலடிக்கும். நான் சில பகுதிகள் பார்த்திருக்கிறேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டது. செத்தவனைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டுமானால், முதலில் அவனை முட்டாளாகவோ அயோக்கியனாகவோ ஆக்க வேண்டும். அந்த வேலையை முதல் அரை நிமிடத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவன் யாருக்கும் மகன் இல்லை, தகப்பன் இல்லை. நம் ஊர்ச் சேனல்களில் முட்டாளுக்குப் பதிலாகச் சந்தேகம் வரும். இல்லையென்றால் பேய் வரும்.

பேய் என்றதும் என் சித்தப்பாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். பம்ப்செட்டில் ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டது என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் கிணற்றுக்குள் இறங்கினான். பல மாதம் ஆள் இறங்காத கிணறு. பாதியிலேயே மயங்கி விழுந்தான். சித்தப்பா யோசிக்கவில்லை, அவனைத் தூக்கப் பின்னாலேயே இறங்கினார். இரண்டு பேருமே வரவில்லை. விவசாயக் குடும்பங்களுக்கு இது தெரியும். ஆழக் கிணற்றின் அடியில் கெட்ட காற்று தேங்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், மேலே ஏறி வராது. நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. காப்பாற்றப் போகிறவனும் அதே காற்றைத்தான் இழுப்பான்.

ஆறு மாதம் கழித்து ஒரு சேனலிலிருந்து வந்தார்கள். உண்மைச் சம்பவம் என்று போட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒளிபரப்பினார்கள். கிணற்றுக்குப் பச்சை வெளிச்சம், உறுமுகிற இசை, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை. ‘ஆள் கேட்கும் கிணறு’ என்றார்கள். கெட்ட காற்று என்று ஒரு வார்த்தை வரவில்லை. சித்தப்பாவாக நடித்தவர் அலறிக்கொண்டு விழுந்தார். சித்தி கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைக்க நான் எழுந்தபோது சித்தி கேட்டாள்: “அவுக டவுசர் போட்டுக்கிட்டுல்லப்பா கெணத்துக்குள்ள எறங்குவாக? இவன் கைலி கட்டிருக்கானே?”

அவ்வளவுதான் கேட்டாள். அதன்பின் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் அந்தத் தோட்டத்துப் பக்கம் போகப் பயந்தார்கள். ஆனால் எந்தப் பெரியவரும் கிணற்றில் இறங்கப் பயப்படவில்லை. பயம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. என் கோபம் முழுக்க அதன்மேல்தான். விசித்திரச் சாவு என்று நீங்கள் பெயர் வைத்த நிமிடத்திலேயே அதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. காரணம் இல்லை என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லை. அடுத்தவன் இறங்குவான்.

இன்னொரு கிணற்றையும் சொல்கிறேன். 2019 அக்டோபர் 25, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நடுவில் தீபாவளி வந்தது. நாம் நான்கு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. 29-ஆம் தேதி விடிவதற்குள் உடலைத்தான் எடுத்தார்கள். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை மண்ணோ கல்லோ போட்டு நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்த நான்கு நாளில் நம் காதில் அதிகம் விழுந்தது அந்த வழிமுறையா, அடிக்கணக்கா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாட்களில்தான் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றவர்கள் அந்த மீட்பு நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு நாம் எல்லோருமே அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

சாவைச் செய்தியாகச் சொல்லவே கூடாது என்கிறேனா? இல்லை. துட்டி சொல்வது நம் வழக்கம்தான். யார் இறந்தது, எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஆள் அடுத்த ஊருக்கு நடப்பான். நாம் கேதம் கேட்கப் போகிறோம். “என்ன செஞ்சது?” என்று தணிந்த குரலில் ஒருமுறை கேட்போம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்போம். அங்கே யாராவது விழுந்து நடித்துக் காட்டினால் விடுவோமா? பட்டாசுத் தொழிற்சாலையில் வெடி கேட்கிற போதெல்லாம் மைக்கோடு ஓடிவந்து, பெற்ற மகளைப் பறிகொடுத்தவளிடம் “இப்ப உங்க மனநிலை எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பதை இந்தச் சிவகாசியில் பார்க்காதவர் யார்?

செத்தவருக்கு மானம் உண்டு என்று வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டமே சொன்னது. இறந்தவர்மேல் பழி சுமத்தி அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்த நினைப்பது அவதூறு என்று 499-ஆம் பிரிவின் முதல் விளக்கத்திலேயே இருந்தது. இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபின் சேனல்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, 2021 ஜனவரி 18 அன்று பம்பாய் உயர் நீதிமன்றமும் சொன்னது: இறந்தவரைப் பலவீனமானவராகக் காட்டாதே, அவர் அந்தரங்கத்தில் நுழையாதே, சம்பவ இடத்தை மறுபடி உருவாக்கிக் காட்டாதே. தீர்ப்பு இருக்கிறது. ரிமோட் நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிகழ்ச்சி ஓடினால் அணையுங்கள். அணைத்துவிட்டு, அந்த ஆள் எதனால் செத்தான் என்று பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

சித்தப்பா மகன், என் தம்பி, இப்போது கிணற்று மேட்டில் ஓர் அரிக்கேன் விளக்கைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். யார் இறங்க வந்தாலும் முதலில் விளக்கு இறங்க வேண்டும். அது அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவரையும் விடமாட்டான், மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். போன மாதம் தூர் வார நாலு பேர் வந்தார்கள். விளக்கை இறக்கினான். பாதிக் கிணறு போகும்போதே அணைந்துவிட்டது. அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. சித்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நாலு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.